பருப்பு வேகாத தண்ணீர்

காலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது அவள் வந்து வாசலருகே நின்றாள். வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட சிற்றூரில், பிறர் நிலத்தில் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள்.

"ஃபாதர், யூனிவர்சிட்டியில ஸ்டூடன்ட்ஸே சேர்ந்து ஆராய்ச்சி மன்றம் ஒண்ணு நடத்துறாங்க. டிகிரி படிக்கிறவங்களும் சேரலாமாம். சேரட்டுமான்னு கேக்க வந்தேன்."

நான் மூன்று கேள்விகள் கேட்டேன். அதற்கு மதிப்பெண் உண்டா? இல்லை. உதவித்தொகை உண்டா? இல்லை. வீட்டுக்கு வர நேரமாகுமா? வாரத்தில் ஒருநாள் மாலையில் கூட்டம் உண்டு. இரண்டு பேருந்து மாறி வருவதால் இருட்டிவிடும். "முதலில் பட்டத்தை நல்லபடியாக முடி அம்மா. ஆராய்ச்சியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். "சரிங்க ஃபாதர்" என்று தாளை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். நன்றாகவே உறங்கினேன். நல்ல அறிவுரை கூறிவிட்ட நிறைவுகூட இருந்தது.

சில நாள்கள் கழித்து, மறைக்கல்வி ஆசிரியர்களுக்கான வகுப்பு ஒன்றிற்காகப் புனித தாமஸ் அக்குவினாசின் இறையியல் தொகுப்பை எடுத்துப் புரட்டினேன். 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்தப் பெருநூலில் ஒவ்வொரு பகுதியும் ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. அடுத்து வருபவை ஆசிரியரின் கருத்துக்கு எதிரான வாதங்கள். அவற்றை முழு வலிமையோடு எடுத்துரைத்த பிறகே அவர் தம் விடையைத் தருகிறார். பின்னர் எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் திரும்பி வந்து பதில் சொல்கிறார். இந்த முறை அக்காலப் பல்கலைக்கழகங்களின் வாதமன்றங்களிலிருந்து வந்தது. அங்கே எழும் எதிர்வாதங்களுக்கு முதலில் எழுந்து பதில் சொல்லும் கடமை பேராசிரியருக்கு உரியதன்று. அவரிடம் பயிலும் இளையவருக்கு உரியது. பேராசிரியர் இறுதியில்தான் தீர்ப்புரைப்பார்.

இந்நூலைத்தான் நானும் என் தோழர்களும் குருமடத்தில் படித்தோம். ஆனால் படித்த விதம் வேறு. தேர்வுக்காக விடைகளை மனனம் செய்தோம். எதிர்வாதங்களைத் தாண்டிச் சென்றோம். ஒருநாள் வகுப்பில் எழுந்து, "இந்த எதிர்வாதம் விடையைவிட வலுவாகத் தோன்றுகிறதே?" என்று கேட்டேன். "இது தேர்வில் வருமா?" என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் எதையும் கேட்டதில்லை.

நூலைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த அந்நேரத்தில், நான்காக மடிக்கப்பட்ட தாள் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட மூன்று கேள்விகளும் "இது தேர்வில் வருமா?" என்ற அந்த ஒரே கேள்வியின் மூன்று வடிவங்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அன்று மாலையே அவள் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மன்றத்தில் சேருவதற்கான விண்ணப்பம் அது. மதிப்பெண் எவ்வளவு என்று அதில் எங்குமே கேட்கப்படவில்லை. விடை தெரியாத, ஆனால் அறிய விரும்பும் ஒன்று எது? அதை எப்படிக் கண்டறிவாய்? நீ நினைப்பது தவறு என்றால் அது உனக்கு எப்படித் தெரியவரும்? இவை மூன்றே கேள்விகள். மூன்றின் கீழும் இடம் வெறுமையாக இருந்தது.

"மத்தவங்க எல்லாம் கேன்சர், நானோன்னு எழுதுறாங்க ஃபாதர். எனக்கு எழுத என்ன இருக்கு?" என்றாள்.

அந்நேரம் உள்ளே இருந்து அவளுடைய பாட்டியின் குரல் கேட்டது. பேரனிடம் குடத்தைக் கொடுத்து, "கோயில் கிணத்துத் தண்ணி கொண்டாடா. பருப்பு போடணும். இந்த போர் தண்ணியில விடிய விடிய வச்சாலும் வேகாது" என்றார். ஏன் வேகாது என்று நான் கேட்டேன். "ஏன்னு எனக்கு என்ன தெரியும் சாமி? வேகாது, அவ்வளவுதான். சோப்பும் நுரைக்காது" என்றவர், எந்தத் தெருக் கிணறு பருப்புக்கு ஆகும், எது ஆகாது என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். பன்னிரண்டு இடங்களைச் சொன்னார். அத்தனைக்கும் தரவரிசை அவர் நாவிலேயே இருந்தது.

"அது ஹார்ட்னஸ்..." என்று சொல்ல வந்த பேத்தி பாதியில் நிறுத்தினாள். பாட்டியை, அதுவரை பார்த்திராத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வேதியியல் அறியாத எனக்கு அவள்தான் விளக்கினாள். நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருந்தால் அது கடின நீர். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருளோடு அவ்வுப்புகள் பிணைந்து அதை இறுகச் செய்கின்றன; அதனால் பருப்பு குழைவதில்லை. சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுவதால் நுரையும் வருவதில்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்னும் அளவை விதித்திருக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்கிறது. அதை அளக்கும் சோதனையோ அவள் ஏற்கெனவே ஆய்வகத்தில் செய்து மதிப்பெண் பெற்றது. நீரில் நிறங்காட்டி சேர்த்து, பியூரெட்டிலிருந்து இடிடிஏ கரைசலைத் துளித்துளியாக விட, திராட்சை மதுவின் சிவப்பு நீலமாக மாறும் கணத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் ஆய்வகத்தில் கொடுத்த நீருக்கும் தன் வீட்டுக் குடத்து நீருக்கும் உறவுண்டு என்று அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

அன்றே விண்ணப்பம் எழுதப்பட்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் சமையலை வைத்துத் தண்ணீரைத் தரம் பிரிக்கிறார்கள். அந்த வரிசையும் சோதனை தரும் வரிசையும் ஒத்துப்போகின்றனவா? இதுவே அவள் கேள்வி. அவள் தந்தை மட்டும் தயங்கினார். "இதனால என்ன கெடைக்கும் சாமி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பாட்டிதான் சொன்னார்: "கெடைக்கிறது இருக்கட்டும். நான் சொன்னது சரியான்னு எனக்குத் தெரியணும்." புதன்கிழமைதோறும் வில்லியனூரில் இறங்கும் தங்கையை அழைத்துவரும் பொறுப்பை அண்ணன் ஏற்றுக்கொண்டான்.

மாணவர் ஆராய்ச்சி செய்வது புதுமையன்று. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருக்கும்போதே சர் சி. வி. இராமன் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை 1906இல் இலண்டனின் பிலாசபிக்கல் மேகசினில் வெளியிட்டார். அப்போது அவருக்கு 18 வயது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969இல் இளநிலை மாணவரைப் பேராசிரியரின் ஆய்வில் பங்கேற்கச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. அதை முன்னின்று உருவாக்கியவர் மார்கரெட் மக்விகார் என்னும் பெண்மணி. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வகுத்த நெறிமுறையின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெறுவோர் நான்காம் ஆண்டில் ஆய்வோடு கூடிய சிறப்புப் பட்டம் பயிலலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்த வாசலை அடைய மூன்றாண்டுகள் மதிப்பெண் சேர்க்க வேண்டும். இரண்டு பேருந்து மாறிச் சென்று, ஆங்கிலத்தில் பாடம் கேட்டு, வீடு திரும்பி வேலையும் செய்யும் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போய்ச் சேருவார்கள்? அதற்கு முன்பே, மதிப்பெண் கேட்காமல் கேள்வியை மட்டும் கேட்கும் ஒரு சிறு வாசல் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம்! மாணவர் மன்றத்தின் சிறப்பு இதுவே.

நம் மண்ணுக்கு இது அந்நியமும் அன்று. பாகூரில் 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விக் கூடம் இருந்தது. அதன் பராமரிப்புக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அந்த ஊர்களில் உழுது விளைவித்தவர்களின் பிள்ளைகள் அக்கூடத்தில் அமர்ந்து வினா எழுப்பியிருக்க முடியுமா? அதுவும் ஒரு பெண்? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே மண்ணின் மகள் ஒருத்தி அந்த வாசலுக்கு வந்து நின்றாள். அவளைத்தான் நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

மன்றத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். வாரந்தோறும் ஒருவர் தம் வேலையை விளக்க, மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்களாம். ஆய்வுக் குறிப்பேடு எழுதுவதற்கு அங்கே ஒரு விதி உண்டு. மையால் எழுத வேண்டும்; தாளைக் கிழிக்கக் கூடாது; பிழையானதை அழிக்காமல், படிக்கும்படியாக ஒற்றைக் கோடு இட்டு அடிக்க வேண்டும். இந்த விதியை அவள் சொன்னபோது, ஒப்புரவு அருளடையாளம் பற்றி நான் ஆற்றிய மறையுரைகளில் இவ்வளவு தெளிவாக ஒன்றைச் சொல்லியிருக்கிறேனா என்று எண்ணினேன்.

அந்தக் கோடு விரைவிலேயே தேவைப்பட்டது. மாதிரி எடுத்த புட்டிகளை எல்லாம் அவள் வீட்டு போர் தண்ணீரில் கழுவிவிட்டு, அந்தந்தக் கிணற்று நீரால் மறுபடி அலசாமலே நிரப்பிவிட்டாள். அளவுகள் குழம்பின. கூட்டத்தில் ஒரு மாணவன் கேட்ட கேள்வியில்தான் பிழை வெளிப்பட்டது. பன்னிரண்டு அளவுகளையும் கோடிட்டு அடித்துவிட்டு மறுபடி பன்னிரண்டு இடங்களுக்கும் நடந்தாள். இம்முறை குடத்தோடு பாட்டியும் உடன் சென்றார்.

இரண்டாம் முறை வந்த வரிசை, ஒரே ஒரு கிணற்றைத் தவிர, பாட்டியின் வரிசையோடு ஒத்திருந்தது. பருப்புக்கு ஆகாது என்று பாட்டி ஒதுக்கிய அந்தக் கிணற்று நீர், சோதனையில் மென்மையாகத் தெரிந்தது. பாட்டி அதில் நீர் இறைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றனவாம். கிணறு மாறிவிட்டதா? வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின் மாதிரி எடுத்ததால் உப்பு நீர்த்துவிட்டதா? அல்லது பாட்டியின் நினைவு பிசகியதா? கோடையில் ஒருமுறை அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் அவள் "தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். மையால் எழுதப்பட்ட, அடிக்கப்படாத சொல்.

பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்திருந்த சிறுவர் இயேசு, அவர்களுக்குச் செவிமடுத்துக் கேள்விகளும் கேட்டார் என்று லூக்கா எழுதுகிறார். தேடி வந்த பெற்றோருக்கு அப்போது கவலைதான் மிஞ்சியிருந்தது. பிள்ளை வீடு திரும்ப நேரமாகிறதே என்னும் கவலை எல்லாக் காலத்துக்கும் பொதுவானது. அதை நான் இகழவில்லை. ஆனால் அந்தக் கவலையைக் காரணமாக்கிக் கேள்வியையே வீட்டுக்கு அனுப்பிவிடும் தவற்றை நான் செய்தேன். பெற்றோரும் ஆசிரியரும் என்னைப் போன்ற குருக்களும் அதைச் செய்யாதிருப்போமாக.

சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "சாமி, அந்தக் கிணத்துத் தண்ணியை நேத்து கொண்டாந்து பருப்பு போட்டுப் பாத்தேன்" என்றார்.

"வெந்ததா?" என்றேன்.

"வெந்துச்சு. ஆனா ஒரு தடவ வெந்தா போதுமா? கோடையிலயும் போட்டுப் பாக்கணுமில்ல?"