ஊதாத விசில்

மத்தியஸ்தரின் வலது கை இடுப்பளவில் நீண்டிருக்கிறது. விசில் வாயில் இல்லை, இடது உள்ளங்கைக்குள் கிடக்கிறது. பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலை மைதானம், பதினாறு வயதுக்குட்பட்டோர் ரகர் ஆட்டம். அணிகளின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இரு பக்கத்துப் பழைய மாணவர்களும் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.

ரக்கில், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்கு மேலே இரு அணியும் முட்டித் தள்ளும் இடத்தில், கீழே கிடந்த நீலச்சட்டைப் பையன் பந்தைக் கையால் அமுக்குகிறான். குற்றம்தான். ஆனாலும் பந்து சிவப்பு அணியின் பக்கமாக வெளியே வந்து வலது கரைக்குப் போகிறது. "பெனல்டி அட்வான்டேஜ், ரெட்!" என்று கூவியபடி மத்தியஸ்தர் பின்னால் ஓடுகிறார். கரையில் நிற்கும் அப்பாமாருக்குப் பொறுமை இல்லை. "ரெஃப், பெனல்டி! கண் தெரியேல்லையா?" சிவப்பு விங்கர் பந்தை முன்னால் நழுவவிடுகிறான். அப்போதுதான் மத்தியஸ்தர் விசில் ஊதுகிறார். விங்கரின் தவறு கணக்கில் இல்லை. ஆட்டம் பழைய இடத்துக்குத் திரும்பி, சிவப்புக்கே தண்ட உதை கிடைக்கிறது. கத்தியவர்கள் கேட்டதும் அதைத்தான். ஆறேழு செக்கன் பிந்திவிட்டது, அவ்வளவே.

ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த மத்தியஸ்தரிடம் போய் இருந்தேன். வெள்ளவத்தைக்காரர். கிழமை நாட்களில் அலுவலக வேலை.

"ஊதினா ஒரு பக்கம்தான் ஏசும் தம்பி. ஊதாமல் நிண்டா ரெண்டு பக்கமும் ஏசும்."

அட்வான்டேஜ், அதாவது அனுகூலம் பற்றிய விதி, சட்டப் புத்தகத்தில் ஏழாவது. இடத்தாலோ ஆட்டப் போக்காலோ கிடைக்கும் அனுகூலம் தெளிவானதாக, உண்மையானதாக இருக்க வேண்டும். வெறும் வாய்ப்புப் போதாது. கிடைத்ததா இல்லையா என்று தீர்மானிப்பவர் மத்தியஸ்தர் ஒருவரே. எத்தனை செக்கன், எத்தனை மீற்றர் என்று புத்தகம் சொல்வதில்லை. அந்த அளவை அவர்தான் குற்றத்தின் எடையைப் பார்த்துப் போட வேண்டும். பந்தை முன்னால் தவறவிட்டதற்கு எதிரணிக்குக் கிடைப்பது ஸ்க்ரம் (இரு அணியின் முன்கள வீரர்களும் பிணைந்து பந்துக்காகத் தள்ளுவது) மட்டுமே. ஆகவே அவர்கள் பந்தை எடுத்து நிம்மதியாக ஒரு பாஸ் கொடுத்தால், "அட்வான்டேஜ் ஓவர்." தண்ட உதை அப்படியல்ல. கம்பங்களுக்கு நடுவே அடித்தால் 3 புள்ளி. வெளியே அடித்தால் முப்பது மீற்றர் முன்னேறி, லைன் அவுட்டில் பந்தெறியும் உரிமையும் கிடைக்கும். அதற்கு ஈடாக ஏதாவது கையில் வரும்வரை கை நீண்டே இருக்கும்.

பெரியவர்களின் ஆட்டத்தில் இந்த இடைவெளி ஒரு சலுகை. தோற்றாலும் பழைய பெனல்டி இருக்கிறது என்று துணிந்து குறுக்கே உதைத்துப் பார்ப்பார்கள். பிள்ளைகளோ "அட்வான்டேஜ்" என்ற சத்தம் கேட்டதும் நின்று கையைத் தூக்குகிறார்கள். இது அவர்களின் பிழையில்லை. முறையிடப் பழக்கிய அளவுக்கு விளையாடப் பழக்கவில்லை பயிற்சியாளர்கள். அதனால் இவர் சின்னப் பையன்களுக்கு நெடுநேரம் காத்திருப்பதில்லை. ரெண்டு பாஸுக்குள் ஒன்றும் நடக்காவிட்டால் ஊதிவிடுகிறார்.

"தடுக்கிறவன்ரை கை கழுத்துக்கு மேலை போனா அந்தக் காத்திருப்பும் இல்லை. ட்ரை லைன் திறந்து கிடந்தாலும் ஊதிப் போடுவன்."

ஒரு பையன் மோசமாகக் காயப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறது சட்டம். ஸ்க்ரம் சரிந்தாலும் அனுகூலம் பார்க்கக் கூடாது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கு உலக ரக்பி அமைப்பு வைத்திருக்கும் தனி விதிகளின்படி ஸ்க்ரமில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளவும் முடியாது. பாதியொன்று 35 நிமிடத்தைத் தாண்டாது. எல்லாம் வளரும் கழுத்தையும் முதுகையும் நினைத்துப் போட்ட வேலி.

தண்டனையைவிட அவர் அதிகம் பாவித்தது வாயை. "ஹேண்ட்ஸ் ஓஃப், புளூ ஸெவன்!" என்று முன்கூட்டியே சொன்னபோது பலமுறை கை பின்வாங்கியது, அந்தக் குற்றங்கள் நடக்கவே இல்லை. கேளாதவனுக்குப் பெனல்டி. திரும்பத் திரும்ப நடந்ததும் கப்டனைக் கூப்பிட்டு, அடுத்தவன் பத்து நிமிடம் வெளியே இருப்பான் என்றார். பிறகு ஒருவன் இருந்தான். அவனுடைய அம்மா மத்தியஸ்தரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இலங்கையில் பாடசாலைகளுக்கிடையிலான முதல் ரகர் ஆட்டம் 1906 இல் கண்டியில், கிங்ஸ்வூட்டுக்கும் ட்ரினிட்டிக்கும் இடையே நடந்தது. நூறு வருடத்துக்கு மேலான பகையும் பெருமையும் இன்று கரையில் குடை பிடித்து நிற்கின்றன. நடுவில் நிற்பவருக்கோ இந்த வயது ஆட்டங்களில் திரும்பிப் பார்க்க வீடியோ இல்லை. அப்பாமாரின் கைபேசிகளில் மட்டும் இருக்கிறது, அதுவும் தங்கள் மகனுக்குச் சாதகமான துண்டு.

உங்கள் பிள்ளையின் ஆட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது, கத்துவதற்கு முன் மத்தியஸ்தரின் கை நீண்டிருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள். நீண்டிருந்தால் உங்கள் பெனல்டி பத்திரமாக இருக்கிறது.