பாஸ் மார்க் 40

பி.காம். கடைசி வருஷம் காஸ்ட் அக்கவுண்டிங்கில் நான் வாங்கிய மார்க் 41. எங்களுக்குப் பாஸ் மார்க் 40. ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் மன்னார்குடி ஹரித்ராநதிப் படிக்கட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். ஒரு மார்க் குறைந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். ரெண்டு குறைந்திருந்தால் அரியர். வேலை தேடி சென்னைக்கு பஸ் ஏறியிருக்க முடியாது. பேப்பர் திருத்திய யாரோ ஒரு புண்ணியவான், காபி குடித்த தெம்பில், போனால் போகிறது என்று போட்ட மார்க்கில்தான் நான் இன்றைக்கு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது என் தீராத நம்பிக்கை.

இது 2001-ல். அதே வருஷம் ஜூன் 1-ம் தேதி டெல்லியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. உடம்பில் எந்தப் பாகம் எவ்வளவு போனால் எத்தனை சதவிகித ஊனம் என்று டாக்டர்கள் கணக்குப் போடுவதற்கான வழிகாட்டி. அதிலும் பாஸ் மார்க் 40தான். 1995-ல் வந்த சட்டம் கிழித்த கோடு அது. நாற்பது இருந்தால் நீங்கள் ஊனமுற்றவர். 39 என்றால், நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறீர்கள், போய் வாருங்கள்.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்வதற்கு என் சித்தியின் வலது கைக் கட்டைவிரல் போக வேண்டியிருந்தது.

சித்தி என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. 'திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு' என்பார்களே, அந்த மதிலைப் பார்க்க வருகிற யாரும் சித்தியின் ஊருக்குப் போகமாட்டார்கள். வடுவூர் போகிற ரோட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். சொந்த நிலம் கிடையாது. நடவு, களை, அறுப்பு என்று வருஷம் பூராவும் அடுத்தவர் வயல்தான். அந்த வட்டாரத்தில் நடவுக்கு ஆள் சேர்ப்பவர்கள் முதலில் சித்தி வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். அவ்வளவு வேகம், அவ்வளவு வரிசை.

நடவு நடுவதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். குனிந்து குனிந்து செருகுகிறார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். இடது கையில் நாற்று முடி இருக்கும். வலது கைக் கட்டைவிரல் அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரிக்கும். அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து வேரைப் பிடித்துச் சேற்றில் அழுத்தும். அழுத்தம் கூடினால் நாற்று புதைந்துவிடும், குறைந்தால் மிதக்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை இப்படி நடக்கும் என்று சித்தியிடம் கேட்டேன். "அதை யாரு எண்ணுனா, இடுப்புதான் எண்ணும்" என்றார்.

2012 தை மாதம், சம்பா அறுவடை. கதிரடிக்கிற மெஷினுக்குக் கட்டு எடுத்துக் கொடுக்கும்போது கை உள்ளே போய்விட்டது. மற்ற விரல்கள் தப்பின. கட்டைவிரல், உள்ளங்கையோடு சேர்கிற மூட்டு வரைக்கும் போயிற்று. மெஷின்காரர் அதே தெரு. அவரே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், தையல் செலவைக் கொடுத்தார், ஒரு மூட்டை நெல்லும் அனுப்பினார். நஷ்ட ஈடு கேட்கச் சட்டம் இருக்கிறது என்று நான் சொன்னபோது, "நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்க வேணாமா?" என்று சித்தி பேச்சை முடித்துவிட்டார்.

அந்த ஆடியில் ஒரு மருத்துவ முகாமுக்கு சித்தியை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். ஒரு பள்ளிக்கூட வராந்தா, நீளமான க்யூ. போலியோ கால்கள், சக்கர நாற்காலிகள், வாய் பேச முடியாத மகனின் கையை இறுகப் பிடித்தபடி ஓர் அப்பா. இத்தனை பேரும் வந்தது ஓர் அட்டைக்காக. அட்டை இருந்தால்தான் பஸ் சலுகை, கடன், உதவித்தொகை என்று எதையுமே வாய் திறந்து கேட்க முடியும். அட்டை கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மத்திய அரசின் ஊனமுற்றோர் பென்ஷனுக்கு 40 போதாது, 80 வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். 2009-ல் அந்தத் திட்டம் ஆரம்பித்தபோது மாசம் 200 ரூபாய். 2012 அக்டோபரில் அதை 300 ஆக்கினார்கள்.

எங்கள் முறை வந்தது. எலும்பு டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலையிலிருந்து டீ குடிக்காத முகம். ஆனாலும் சித்தியின் கையைப் பதமாகத்தான் பிடித்தார். மீதி விரல்களை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், மூட்டில் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துக் கோணம் பார்த்தார். அப்புறம் மேஜை மேல் இருந்த ஜெராக்ஸ் கட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பினார்.

"நீங்களே பாருங்க சார். இந்த மூட்டு வரைக்கும் கட்டைவிரல் போனா 25."

பார்த்தேன். கணக்குப் படித்தவனுக்கு அட்டவணையைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. கட்டைவிரல் அடிவரைக்கும் போனால் 30. ஆள்காட்டி விரல் அடியோடு போனால் 15. நடுவிரல் 5. மோதிர விரல் 3. சுண்டு விரல் 2. கூட்டினால் 55. இன்னும் மேலே போய்ப் பார்த்தால், மணிக்கட்டை ஒட்டி உள்ளங்கையே போனால் எத்தனை? அதுவும் 55! டேலி ஆகிறது. பாலன்ஸ் ஷீட் இவ்வளவு கச்சிதமாக டேலி ஆகி என் படிப்புக் காலத்தில் நான் பார்த்ததில்லை. இரண்டு விதமான ஊனம் இருந்தாலும் சும்மா கூட்டிவிட மாட்டார்கள். கண்ணில் 40, காதில் 30 என்றால் 70 கிடையாது. சூத்திரத்தில் போட்டால் 56 சொச்சம் வரும். இருக்கிற மிச்சத்தில்தான் அடுத்த கழிவு. நாங்கள் மெஷினுக்குத் தேய்மானம் போடுகிற ரிட்டன் டவுன் வேல்யூவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"வலது கை சார். இவங்க நடவு வேலை பாக்குறவங்க" என்றேன்.

"தெரியுது சார். என்ன கூட்டினாலும் 40 வராது."

அதுவரைக்கும் பேசாமல் இருந்த சித்தி கேட்டார். "ஏன் தம்பி, நாத்து நடுறதுக்கு எந்த விரல் வேணும்னு அந்தத் தாள்ல போட்டிருக்கா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. "இது உடம்புக்கு மட்டும்தாம்மா. வேலையைப் பத்தி இதுல இல்ல" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்த வழிகாட்டி கை கால்களில் அளப்பது உறுப்பின் குறையை. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம், ஒரு கையால் என்னென்ன செய்ய முடிகிறது என்று பார்க்கும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் நடவு நடுகிறவரா, நகராட்சியில் ஃபைல் பார்க்கிறவரா என்று கேட்காது. (வேடிக்கை என்னவென்றால், மனநோயை அளக்க வைத்திருக்கும் அளவுகோலில் வேலை பார்க்க முடிகிறதா என்பதற்குத் தனியாக மார்க் உண்டு. கை விஷயத்தில்தான் இல்லை.)

எழுந்திருக்கும்போது ஒரு வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாது என்று சித்தி சொன்னதும், குனிந்த தலை நிமிராமல் மைப்பெட்டியை நகர்த்திய ஊழியர், பழக்கதோஷத்தில் "வலது கைப் பெருவிரலை வைம்மா" என்றார். சித்தி கையை நீட்டிக் காட்டினார். பாவம், அந்த மனிதர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார். சித்திதான் "இருக்கட்டும் தம்பி, இதுல வைக்கிறேன்" என்று இடது கையை மையில் அழுத்தினார்.

நான் மட்டும் டாக்டர் பக்கம் ஒரு நிமிஷம் தயங்கி நின்றேன். "சார், ஏதாவது பாத்து..." என்று இழுத்தேன். பத்திரிகைக்காரன் என்று சொல்லவில்லை. சொல்லாததே நல்லதாயிற்று.

"போட்டுடலாம் சார். முன்னாடி சில பேரு இரக்கப்பட்டுப் போட்டதுதான். அப்புறம் எவனாவது பேப்பர்ல எழுதிடுறான். இவங்களையே திரும்பக் கூப்பிட்டு வெச்சுப் பரிசோதனை பண்ணுவாங்க. அவங்களுக்கும் அசிங்கம், எனக்கும் மெமோ."

அந்த 'எவனாவது' யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

2009-ல் டெல்டாவின் ஒரு சின்ன டவுனில், காசு வாங்கிக்கொண்டு ஊனச் சான்றிதழ் வாங்கித் தரும் புரோக்கர்களைப் பற்றி எழுதினேன். நல்ல ஸ்டோரி. நன்றாக ஓடுகிற கால்களோடு 50 சதவிகிதம் வைத்திருந்தவர்களை நானே பார்த்தேன். பொய்யாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஆசிரியர் கூப்பிட்டுக் கைகொடுத்தார். அதற்கப்புறம் அந்த ஊரில் அட்டை வைத்திருந்த எல்லாரையும் மறுபடி சோதித்தார்கள். புரோக்கர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 42, 45 வாங்கியிருந்த சிலருக்கு 38, 35 என்று இறங்கிவிட்டதாக ஆறு மாசம் கழித்து அந்த ஊர் டீக்கடையில் ஒருவர் சொன்னார். பேச்சுவாக்கில் சொன்னார். நானும் பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டேன். போலி ஆட்கள் 60, 70 என்று தாராளமாகத்தான் வாங்கி வைத்திருப்பார்கள். விளிம்பில் நிற்பவன்தான் எப்போதும் நிஜமானவன் என்று ஒரு பி.காம். பட்டதாரிக்கு, அதுவும் 41 வாங்கியவனுக்கு, அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முகாமிலிருந்து திரும்பியதும் சட்டப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். குற்ற உணர்ச்சி நல்ல மாணவனாக ஆக்கும்! 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலும் ஓர் அட்டவணை உண்டு. அதில் கட்டைவிரலுக்கு 30. ஆனால் அங்கே கோர்ட் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. தச்சர் ஒருவருக்கு இடது கை முழங்கைக்கு மேல் போய்விட்டது. ஒரு கையால் தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே இவருக்கு இழப்பு நூறு சதவிகிதம் என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விபத்து வழக்கு ஒன்றில் 2010-ல் இன்னும் விளக்கமாகவே சொன்னது: உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் சக்தியின் இழப்பு வேறு, கை போன டிரைவரும் கை போன குமாஸ்தாவும் ஒன்றில்லை. ஆக, சித்தி மெஷின்காரர் மேல் கேஸ் போட்டிருந்தால் 'என்ன வேலை?' என்ற கேள்வி வந்திருக்கும். சர்க்காரிடம் அட்டை கேட்டுப் போனதால் வரவில்லை.

வெளிநாட்டிலாவது உருப்படியாக இருக்கிறதா என்று பார்த்தால், பிரிட்டனில் 2008-லிருந்து 'உன்னால் வேலை செய்ய முடியுமா' என்பதற்கே ஒரு பரீட்சை. அங்கே பாஸ் மார்க் 15 பாயிண்ட். கேன்ஸில் 2016-ல் பெரிய விருது வாங்கிய 'ஐ, டேனியல் பிளேக்' படம், இதயம் பழுதான ஒரு தச்சர் அந்தப் பரீட்சையில் படுகிற பாட்டைத்தான் சொல்கிறது. அங்கேயும் தச்சர்!

இங்கே 2016-ல் புதுச் சட்டம் வந்தது. ஏழு வகை ஊனம் இருந்த பட்டியல் 21 ஆனது. மாற்றுத்திறனாளி யார் என்பதற்கு அழகான விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நீண்டகாலக் குறைபாடு, வெளியே இருக்கிற தடைகளோடு மோதும்போது, மற்றவர்களுக்குச் சமமாக வாழவிடாமல் செய்தால் அவர் மாற்றுத்திறனாளி. இதில் சதவிகிதமே கிடையாது. அடுத்த வாசலில் 'வரையறுத்த அளவு ஊனம்' என்று நாற்பது நிற்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஓர் இளைஞருக்கு மருத்துவமனை கொடுத்தது வெறும் 6 சதவிகிதம். யு.பி.எஸ்.சி. தேர்வில் சொல்லச்சொல்ல எழுத ஆள் கிடையாது என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், அதற்கு நாற்பதெல்லாம் வேண்டியதில்லை என்றது. பரீட்சைக்கு உதவி கிடைத்தது. பென்ஷன் கவுண்டருக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேராது.

இப்போது அட்டையும் ஆன்லைன். நாற்பதுக்குக் கீழே வெள்ளைக் கோடு, நாற்பதிலிருந்து எண்பதுக்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். சித்தியிடம் போனில் சொன்னேன். "சித்தி, குறைஞ்சாலும் ஒரு அட்டை தர்றாங்களாம், வெள்ளைக் கோடு போட்டு."

"அதை வெச்சுக்கிட்டு?"

"உங்களுக்கு விரல் இல்லைன்னு சர்க்கார் எழுதிக் கொடுத்த மாதிரி."

"அது எனக்கே தெரியுமேய்யா" என்றார்.

சித்தி நடவை விடவில்லை. அடுத்த குறுவைக்கே ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நாற்றை இடுக்கி நடப் பழகினார். பாதி வேகம். வரிசையில் மற்றவர்கள் கரை ஏறும்போது சித்தி நடு வயலில் இருப்பார். கொஞ்ச காலம் கூட இருந்த பெண்கள் அவர் பங்கையும் சேர்த்து நட்டுக் கொடுத்துக் கூலியைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்புறம் சித்தியே வேண்டாம் என்று சொல்லி நாற்றங்கால் பக்கம் போய்விட்டார். இப்போது அந்தப் பக்கமும் நடவு மெஷின் வந்துவிட்டது.

போன பங்குனியில் வெண்ணெய்த்தாழி பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். கோபாலன் மேல் வெண்ணெய் வீச சித்தியும் வந்திருந்தார். தொன்னையிலிருந்து அந்த இரண்டு விரல் இடுக்கால் எடுத்து வீசினார். குறி தப்பி முன்னால் நின்றவர் தலையில் விழுந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த 2009 ஸ்டோரியின் கட்டிங் என் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. சித்தி வீட்டில் என் கட்டுரைகளை வெட்டி வைத்திருக்கும் தம்பி, இது மட்டும் தன்னிடம் இல்லை என்று ரொம்ப நாளாகக் கேட்கிறான். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.