கரையா, கறையா?

கணினியைப் பற்றி எழுதுவதற்கு நமக்கு எவ்விதத் தகுதியும் இல்லை. மத்ரஸாவில் ஓதி, அதன்பின் தமிழும் முறையாகப் பயின்று, நஹ்வு, ஸர்பு என்று பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவர்கள் நாம். எனினும் நம் லாத்தாவின் மகளுடைய இறுதியாண்டுத் திட்டப்பணிக்குள் கடந்த சில வாரங்களாக நாமும் அகப்பட்டுக்கொண்டோம். பொறியியல் படிக்கும் பிள்ளை ஒன்றேனும் இல்லாத குடும்பம் நம்மவரிடையே இன்று அரிதாகிவிட்டபடியால், இந்தக் கதையைச் சொல்வதில் தவறில்லை என்று கருதுகிறோம்.

நம் மருமகள் கணினிப் பொறியியலில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். கடைசிப் பருவத்தில் மாணவிகள் மூவர் மூவராகச் சேர்ந்து, தாமே ஒரு பொருளைத் தேர்ந்து, வடிவமைத்து, செய்து காட்ட வேண்டுமாம். செய்யத் தொடங்குமுன் திட்ட அறிக்கை ஒன்றைக் கொடுத்து ஆசிரியையின் கையொப்பம் பெற வேண்டும். என்ன செய்யப் போகிறீர்கள், யாருக்காக, எதைக் கொண்டு, எத்தனை நாளில், முடிந்தது என்பதை எப்படி அறிவீர்கள் என்பனவே அதன் கேள்விகள். மேற்பார்வைக்குக் கேட்பவை போலத் தோன்றும் இக்கேள்விகளில் கடைசியானது எத்தனை கொடியது என்பது பிறகுதான் நமக்கு விளங்கிற்று.

அவர்கள் முதலில் எண்ணியது பேருந்து வரும் நேரத்தைக் கைப்பேசியில் காட்டும் செயலி. பலர் செய்து தேய்ந்த பொருள் என்று ஆசிரியை ஒதுக்கிவிட்டார். விடுமுறைக்கு ஊர் வந்த பெண், நம் அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த பழைய ஏடு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அது நம் உம்மம்மா எழுதி வைத்த கணக்கு நோட்டு. கணக்கு மட்டுமா? பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கொடுத்த கஷாயம், கொழும்பிலிருந்த அப்பாவுக்குப் போட்ட கடிதங்களின் நகல், இறந்தவர்களின் தேதி, எல்லாம் அதில் உண்டு. அத்தனையும் அரபுத்தமிழ்.

இளைய வாசகர்களுக்காக ஒரு சொல். அரபுத்தமிழ் என்பது தனி மொழியன்று. அரபு எழுத்தில் எழுதிய தமிழே அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பேரறிஞர்கள் நூல் எழுதியதும் இதில்தான். குர்ஆன் ஓதக் கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றுபோன நம் பெண்கள் பலர் கடிதம் எழுதியதும் இதில்தான். நம் குடும்பத்தில் இதை இன்று தடையின்றிப் படிக்கக் கூடியவர்கள் நாம் ஒருவரே. நமக்குப் பின் அந்த நோட்டு வெறும் தாள்.

“மாமா, படம் பிடித்தால் கைப்பேசியே இதைப் படித்துத் தமிழ் எழுத்தில் தர வேண்டும். குரலிலும் சொல்ல வேண்டும். எல்லா அரபுத்தமிழ் நூல்களையும் படிக்க வேண்டும்” என்றாள் அவள். நமக்கு உச்சி குளிர்ந்தது. நாமும் நம் பங்குக்கு, அரபுச் சொல் வந்தால் பொருள் காட்ட வேண்டும், பிரதிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு தர வேண்டும் என்றெல்லாம் ஆசைகளைச் சேர்த்தோம். அறிக்கை பதினெட்டுப் பக்கம் ஆயிற்று.

ஆசிரியை அதைப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “பதினாறு வாரம், மூன்று பேர். இதில் எது?”

அதன்பின் நடந்ததெல்லாம் வெட்டுதலே. குரல் போயிற்று. பொருள் விளக்கம் போயிற்று. பாடவேறுபாடு போனபோது நமக்குக் கொஞ்சம் வருத்தந்தான். எல்லா நூல்களும் என்பது ஒரு நூல் ஆயிற்று. எல்லாக் கையெழுத்தும் என்பது ஒரே கையெழுத்து, நம் உம்மம்மாவின் கையெழுத்து ஆயிற்று. தமிழ் எழுத்தில் மாற்றித் தருவதும் நேரம் இருந்தால் மட்டும் என்று அடைப்புக்குறிக்குள் போயிற்று.

எதைக் கொண்டு செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை டெசராக்ட் என்னும் மென்பொருள். எழுத்துப் படத்தைப் படித்து எழுத்தாக்கும் இது எச்.பி. நிறுவனத்தில் 1980களில் உருவாகி, 2005-இல் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்டதாம். 2018-இல் வந்த நான்காம் பதிப்பு முதல், ஒரு வரியின் படத்தையும் அவ்வரியின் எழுத்தையும் சோடி சோடியாகக் காட்டிப் பயிற்றினால் புதிய எழுத்தையும் அது கற்கும். அரபுக்கும் தமிழுக்கும் ஆயத்தப் பயிற்சிக் கோப்புகள் அதனுடன் உண்டு; அரபுத்தமிழுக்கு இல்லை. எழுத்துகளுக்கு உலகப் பொது எண் வழங்கும் யுனிகோடில் அரபுத்தமிழுக்கென்று சில எழுத்துகள் 2015-இல் வந்த எட்டாம் பதிப்பில் சேர்ந்திருக்கின்றன என்று அவள் காட்டியபோது நாம் மெய்யாகவே வியந்துபோனோம். எங்கோ யாரோ நம் எழுத்தை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்!

இடர் புள்ளியில் இருந்தது. ‘ரே’ எழுத்து வெறுமனே நின்றால் ர. அதன் கீழே ஒரு புள்ளி இட்டால் ற. ‘நூன்’ மேற்புள்ளியோடு நின்றால் ன. கீழேயும் ஒரு புள்ளி பெற்றால் ண. ஆக மனத்துக்கும் மணத்துக்கும் இடையே ஒரு புள்ளிதான். நோட்டிலோ பூச்சி அரித்த துளைகள், மை தெறித்த பொட்டுகள், எண்ணெய்க் கறைகள் ஏராளம். ஓரிடத்தில் ‘கரை’ என்று படிப்பதா ‘கறை’ என்று படிப்பதா என்று நாமே கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கீழே இருந்தது புள்ளியன்று, கறையேதான். சொல்லின் முன்பின் பார்த்து நாம் தெளிந்தோம். இயந்திரத்துக்கு முன்பின் ஏது என்றோம். அதற்கும் சிறிது உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டமிட முடியாது என்றாள் மருமகள்.

முடிந்தது என்பதை எப்படி அறிவது? இயந்திரம் தந்த வரியைச் சரியான வரியாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவார்களாம். இம்முறையை 1965-இல் வகுத்தவர் லெவன்ஷ்டைன் என்னும் ருஷ்ய நாட்டு அறிஞர். நூறு எழுத்துக்குப் பத்துப் பிழைக்கு மேற்படாவிட்டால் வெற்றி என்று அறிக்கையில் எழுதினார்கள். அந்தத் தேர்வை இயந்திரம் முன்பு பார்த்திராத வரிகளில் நடத்த வேண்டும். வகுப்பில் போட்ட கணக்கையே பரீட்சையில் கொடுத்து நூற்றுக்கு நூறு வாங்கவைக்கும் ஆசிரியர்களை நாம் அறிவோம். கணினியிடம் அந்தச் சலுகை கிடையாது.

இதற்கெல்லாம் அறுநூறு வரிகள் வேண்டும். நானூற்றெண்பது பயிற்சிக்கு, அறுபது இடையில் சரிபார்க்க, அறுபது இறுதித் தேர்வுக்கு. அந்த அறுநூறையும் படித்து, அதே அரபுத்தமிழ் எழுத்தில் தட்டச்சிட்டுக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது. வாரத்துக்கு நூற்றைம்பது வீதம் நான்கு வாரம் என்று, ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் நூறாண்டுக்கு முன் பரப்பிய கோடுபோட்ட அட்டவணையில் நம் பெயரும் ஏறிற்று. மற்ற எல்லாக் கோடுகளும் நம் கோடு முடியும் இடத்திலிருந்து தொடங்கின. அதை அப்போது நாம் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் சென்றது. இரண்டு விரலால் தட்டி இருநூற்று நாற்பது வரிகள் முடித்திருந்தோம். அறுபது குறைவு, பரவாயில்லை என்றிருந்தோம். அன்று மாலை மருமகள் படத்தையும் நம் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவள், சற்றுத் தயங்கிக் கேட்டாள்.

“மாமா, படத்தில் இருக்கும் எழுத்து ள. நீங்கள் அடித்திருப்பது ழ.”

“வாழைப்பழம் அல்லவா, மகளே? உம்மம்மா ‘வாளப்பளம்’ என்று எழுதிவிட்டார்கள். திருத்திவிட்டோம்.”

“இங்கே ‘வச்சி’ என்று இருக்கிறது.”

“அது ‘வைத்து’.”

அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினாள். ஒரே வடிவத்தைக் காட்டி, ஓரிடத்தில் ள என்றும் வேறோரிடத்தில் ழ என்றும் சொல்லிக் கொடுத்தால் இயந்திரம் எதைக் கற்கும்? அது தவறு செய்யும்போது அத்தவறு அதனுடையதா, நம்முடையதா என்று யார் பிரிப்பது? அவர்களுக்கு வேண்டியது சரியான தமிழன்று. தாளில் உள்ள எழுத்து.

முப்பது ஆண்டுகள் சிவப்பு மையோடு வாழ்ந்த கை. பிழை கண்ட இடத்தில் நம்மையறியாமலே திருத்தியிருக்கிறது. எந்த வரியில் திருத்தினோம், எந்த வரியில் விட்டோம் என்ற நினைவும் இல்லை. இருநூற்று நாற்பதும் வீண். மூன்று பிள்ளைகளின் மதிப்பெண் அந்த வரிகளைத் தொற்றிக்கொண்டிருந்தது என்று எண்ணியபோது நாணம் வந்தது.

மத்ரஸாவில் ஓதும் மூத்த மாணவர் நால்வரைத் துணைக்கு அழைக்கிறோம் என்றோம். வேண்டாம் என்றாள். ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய மென்பொருள் ஒன்றை உருவாக்கிய பணிக்குத் தலைமை வகித்த பிரெடரிக் புரூக்ஸ் என்பார், பிந்திப்போன வேலையில் புதிதாக ஆளைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று 1975-இலேயே நூல் எழுதி வைத்தாராம். “அவர்களும் திருத்துவார்கள் மாமா, ஆளுக்கு ஒரு விதமாய்” என்று வேறு சொன்னாள். நம் மாணவர்களை அவள் சரியாகவே எடை போட்டிருந்தாள்.

திட்டம் மறுபடி எழுதப்பட்டது. அறுநூறு வரி நானூறு ஆயிற்று. கடிதங்கள் உள்ள பக்கங்கள் வேண்டாம், அவை உம்மம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டவை, பிறர் கண்ணில் படலாகாது என்று லாத்தா சொன்னதை மூவரும் ஒப்புக்கொண்டனர். தட்டச்சிடுவோர் எதையும் திருத்தலாகாது என்ற விதியொன்றும் அறிக்கையில் ஏறிற்று. நம்மை உத்தேசித்த விதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்காக என்ற இடத்தில் முன்பு ‘ஆராய்ச்சியாளர்கள்’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு ‘இவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாத குடும்பத்தினர்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை கையொப்பமிட்டார்.

புதிதாக அடித்த முதல் பத்து வரிகளை, திருத்தாமல், லாத்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினோம். கோளி வித்த காசு, வாளப்பளம் ரெண்டு சீப்பு, சுக்குத் தட்டி வச்சி என்று போகும் வரிகள். நோட்டில் என்ன இருக்கிறது என்று நாம் பலமுறை அவருக்குச் சொல்லியிருக்கிறோம். நம் தமிழில்தான் சொல்லியிருக்கிறோம். இம்முறை லாத்தா கை வேலையை நிறுத்திவிட்டார்.

“உம்மம்மா இப்படித்தான் பேசுவாங்க” என்றார். “இன்னொரு தடவை படி தம்பி.”

முதல் மதிப்பாய்வுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இதுவரை இருநூற்றுப் பத்து வரி ஆகியிருக்கிறது. இன்றிரவு இஷாவுக்குப் பின் இருபது வரி அடிக்க வேண்டும். அதில் ஏழாவது வரியில் ஒரு பொட்டு, புள்ளியா கறையா என்று இன்னும் தெளியவில்லை. பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்து வைத்திருக்கிறோம்.