நிழல் மீட்கும் கட்டடங்கள்

திருவண்ணாமலையில் கந்தாசிரமம் நோக்கி ஏறும் மலைப்பாதையில் நடப்பவர், ஓரிடத்தில் நின்று கீழே நோக்குவது வழக்கம். ஒன்பது கோபுரங்களும் அகன்ற மதில்களும் குளங்களும் கொண்ட அண்ணாமலையார் கோயில் கண்முன் விரியும். 217 அடி உயரமுள்ள கிழக்கு இராசகோபுரம் தனித்து ஓங்கி நிற்கும். மதிலைத் தாண்டிப் பார்வை நகர்ந்ததும் காட்சி மாறிவிடும். பெட்டிகளை அடுக்கினாற்போன்ற கான்கிரீட் கட்டடங்கள். மொட்டை மாடிகளில் கருநிற நீர்த்தொட்டிகள். வெயிலை வாரி இறைக்கும் கண்ணாடி முகப்புகள். ஒன்று ஊரை அறிந்து எழுந்தது. மற்றொன்று ஊரை மறந்து எழுந்தது.

தமிழகத்தின் பழைய தெருவீடுகள் வெயிலை அறிந்திருந்தன. திண்ணை, வழிநடந்து வந்தவருக்கு நிழல் தந்தது. முற்றம், வீட்டினுள் தேங்கும் வெப்பக் காற்றை மேலே அனுப்பியது. மரச்சட்டங்களின்மேல் செங்கற்களை நெருக்கமாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையால் பிணைத்த மெட்ராஸ் தளம், உச்சி வெயிலை உள்ளே எளிதில் விடவில்லை. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, சுவரைச் சுவாசிக்கச் செய்தது.

இன்றைய நான்கு மாடி விடுதியோ மேற்கு வெயிலைக் கண்ணாடியால் வரவேற்கிறது. பின்னர் அவ்வெப்பத்தை வெளியேற்ற மின்சாரத்தைச் செலவிடுகிறது. குளிர்சாதனப் பொறி உமிழும் அனல் தெருவில் இறங்குகிறது. அறைக்குள் இருப்பவரின் குளிர்ச்சிக்கு, வாசலோரம் பூக்கூடையுடன் அமர்ந்திருக்கும் மூதாட்டி விலை கொடுக்கிறார். கட்டடத்தின் அழகின்மை கண்ணுக்கு மட்டும் உரிய குறையன்று. அஃது அயலாரை எண்ணாமையின் வடிவம்.

அவ்வாறாயின் இவற்றை இடித்துவிடலாமா? உலகில் மாந்தச் செயல்களால் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் விளைகிறது. ஒரு கட்டடத்தை இடிப்பது, அதற்காக முன்பே எரித்த எரிபொருளையும் வெட்டிய கல்லையும் வாரிய மணலையும் வீணாக்குவதாகும். மீண்டும் கட்டுவதோ அச்செலவை இரட்டிப்பாக்குவதாகும்.

பிரான்சு நாட்டின் போர்தோ நகரம் வேறு வழி காட்டியது. அங்குள்ள கிராண்ட் பார்க் பகுதியில் 1960களில் எழுந்த மூன்று அடுக்ககங்களில் 530 வீடுகள் இருந்தன. பொலிவிழந்த அவற்றை ஆன் லகாதோன், ழான் பிலிப் வசால் என்னும் கட்டடக் கலைஞர்கள் தம் தோழர்களுடன் சேர்ந்து இடிக்காமலே மாற்றினர். சிறு சன்னல்கள் இருந்த இடத்தில் பெருங்கதவுகளை அமைத்தனர். அவற்றின் முன்னே வெயிலேற்கும் தாழ்வாரங்களைச் சேர்த்தனர். பணி நடந்த காலத்திலும் குடியிருந்தோர் தம் வீடுகளிலேயே வாழ்ந்தனர். அப்பணி 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ பரிசைப் பெற்றது. 2021இல் அவ்விருவருக்கும் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

போர்தோவில் வெயிலை அழைத்த தாழ்வாரம், திருவண்ணாமலையில் வெயிலைத் தடுக்க வேண்டும். கண்ணாடி முகப்பின் முன்னே சுடுமண் சாளரத் திரையோ கொடிப்பந்தலோ அமையலாம். மொட்டை மாடியில் வெண்சுண்ணாம்பு பூசினால் மேல்தளத்தில் வாழ்வோரின் புழுக்கம் குறையும். மாடியில் விழும் மழை, கிணற்றையோ நிலத்தடியையோ சேரலாம். மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டடங்களுக்குத் தமிழகம் 2003இலேயே கட்டாயமாக்கியது. எல்லாவற்றினும் மேலாக, தரைத்தளத்தில் நான்கடி அகலத் திண்ணை ஒன்று மீளலாம். முழுநிலவு நாளில் 14 கிலோமீட்டர் வெறுங்காலுடன் வலம்வரும் அடியவர் அதில் அமர்வார். பூ விற்கும் மூதாட்டிக்கும் நிழல் கிட்டும்.

இவ்வூருக்கு இப்படிப்பினை புதிதன்று. சில பத்தாண்டுகளுக்கு முன் மரங்களை இழந்து மொட்டையாய் நின்ற மலையைத் தன்னார்வலர்கள் கைவிடவில்லை. கன்று நட்டனர், நீர் சுமந்தனர், காட்டுத்தீயை அணைத்தனர். இன்று அதன் சரிவுகளில் பசுமை மீண்டிருக்கிறது. மலைக்குக் காட்டிய அந்தப் பொறுமையை அதன் அடிவாரத்துச் சுவர்களுக்கும் காட்டினால், மேலிருந்து நோக்குபவரின் பார்வை கோயில் மதிலோடு நின்றுவிட வேண்டியதில்லை.