காருக்குள் மழை: ஓட்டை எங்கே?

காருக்குள்ள மழைத்தண்ணி வந்தா எல்லாரும் முதல்ல சொல்றது ஒண்ணுதான்: "பீடிங் போயிருச்சு, மாத்திருங்க." பீடிங்னா கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர். எங்க சித்தப்பாவும் மாத்தினார். அடுத்த மழையிலயும் இடது பக்க முன்சீட்டுக்குக் கீழே குளம்!

சித்தப்பா ராமேஸ்வரத்தில் டாக்ஸி ஓட்டுகிறார். பாதி சவாரி தனுஷ்கோடிக்குத்தான். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு ரொம்ப வருஷம் மணலில் போகும் வேனையும் ஜீப்பையும் நம்பித்தான் அங்கே போக முடியும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் 9.5 கி.மீ. ரோடு 2017-ல் திறந்த பிறகுதான் சாதாரண காரும் முனை வரைக்கும் போகுது. ரெண்டு பக்கமும் கடல். காத்து அடிச்சா மணல் ரோட்டுக்கு வரும், காருக்குள்ளயும் வரும்.

பிழைப்பே அந்தக் கார்தான். தவணை இன்னும் முடியல. நாத்தம் அடிக்கிற காரில் குடும்பத்தோட யார் ஏறுவாங்க? இன்னொரு பயமும் இருக்கு. தரைவிரிப்புக்குக் கீழே இருக்கிற பஞ்சு தண்ணியை உறிஞ்சி வச்சுக்கும். அதில் உப்பும் சேர்ந்தா ஈரம் காயவே காயாது, தகடு அடியிலிருந்து துருப்பிடிக்கும். ஒயர்களும் அந்த வழியாத்தான் போகுது.

தீபாவளி லீவுல நானும் சித்தப்பாவும் உட்கார்ந்தோம். முதல் கேள்வி: இது மழைத்தண்ணிதானா? ஏசி தண்ணி வெளியே போற குழாய் அடைச்சாலும் இதே இடம்தான் நனையும். மழை இல்லாத நாளில் ஏசி போட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டினார். காஞ்சே இருந்தது. அப்போ மழைதான்.

அடுத்து மிதியடி, விரிப்பு, பஞ்சு எல்லாத்தையும் தூக்கி வெயிலில் போட்டோம். வெறும் தகட்டில் நியூஸ்பேப்பர் விரிச்சோம். நான் டார்ச்சோட உள்ளே, சித்தப்பா தண்ணி ஹோஸோட வெளியே. இதில் ஒரு விதி இருக்கு நண்பர்களே: கீழிருந்து மேலே போகணும், ஒரு இடத்துக்கு அஞ்சு நிமிஷமாவது விடணும். எடுத்த உடனே கூரையில் ஊத்தினா எல்லா இடமும் நனையும், எந்த வழியா வந்துச்சுன்னு தெரியாது.

கதவோட கீழ்ப்பகுதி: ஒண்ணும் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே இலை சேருமே, அந்தப் பள்ளம்: அங்கேயும் இல்லை. கதவுக் கண்ணாடியில் விட்டார். நாலாவது நிமிஷம் கதவின் உள்பக்க அட்டைக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு. அப்புறம் வரிசையா! கதவை ஆட்டினா உள்ளே களக் களக்னு சத்தம். இளநீரை ஆட்டிப் பார்க்கிற மாதிரி :-)

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. கண்ணாடி இறங்குற இடுக்கு வழியா கதவுக்குள்ள தண்ணி போறது சகஜம், எல்லாக் காரிலும் போகும். அது வெளியே போக கதவுக்கு அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வச்சிருப்பாங்க. எங்க கதவில் அந்த ஓட்டைகளை மணல் அடைச்சிருந்தது. தண்ணி நிறைஞ்சு, அட்டைக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டின் பிரிஞ்ச ஓரம் வழியா உள்ளே இறங்கியிருக்கு. புது பீடிங் என்ன செய்யும், பாவம்!

கம்பி விட்டா பெயின்ட் உரிஞ்சு அங்கேயே துரு ஆரம்பிக்கும். அதனால பிளாஸ்டிக் கேபிள் டையால் குத்தினோம். ஒரு லிட்டருக்கு மேல சேறும் தண்ணியும் கொட்டுச்சு. ஷீட்டை பியூட்டைல் டேப் வச்சு மறுபடி ஒட்டினோம். திரும்ப அரை மணி நேரம் ஹோஸ் விட்டோம். பேப்பர் நனையல.

கடலோரத்தில் கார் வச்சிருக்கிறவங்க ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடி நாலு கதவுக்கும் அடியில் விரலை விட்டுப் பாருங்க. பீடிங்குக்குக் காசு கொடுக்கிறது அப்புறம். சித்தப்பா இப்போ அரிச்சல்முனை சவாரி முடிஞ்சு வந்தா காசை எண்ணுறதுக்கு முன்னாடி கதவை ஆட்டிக் காது வச்சுக் கேக்குறார்.