ராஸ் அல் கோர் மோட்டார்ச் சந்தை

துபாய் நகரை ஊடறுத்து வரும் உப்பங்கழி முடிவடையும் இடத்தில் ராஸ் அல் கோர் என்னும் பகுதி அமைந்துள்ளது. குளிர்காலத்தில் அங்குள்ள சதுப்பு நிலத்திலே பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து நிற்கும். உல்லாசப் பயணிகள் அவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுவர். அப்பாற் சிறிது தூரம் சென்றால் பழைய மோட்டார் வண்டிகள் விற்கும் பெருஞ் சந்தையொன்று உண்டு. அந்நகரின் செல்வம் எவ்வாறு வந்து எவ்வாறு கழிகின்றது என்பதை அறிய விரும்புவோர் அங்கேதான் செல்லுதல் வேண்டும்.

வரிசை வரிசையாகக் கடைகள். ஒவ்வொன்றின் முன்னும் கழுவித் துடைத்த வண்டிகள். செல்வந்தர் சில ஆண்டு ஓட்டிக் கைவிட்ட சொகுசு ஜீப்புகளே அங்கு அதிகம். இடப்பக்கம் சுக்கான் பொருந்திய அவை நம் நாட்டு வீதிகளுக்கு ஒவ்வாதவை. பல ஆபிரிக்க நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருடன் யான் அங்கு சென்றேன். பதினெட்டு ஆண்டுகளாக அங்கே மின்சார வேலை செய்து வருபவர். மனைவியையும் இரு பிள்ளைகளையும் முதன்முறையாகத் தம்மிடம் அழைக்கவிருந்தார். “உந்தக் காசுக்குப் புதுச் சின்னக் கார் ஒன்று எடுக்கலாமே, தம்பி” என்றேன். “பிள்ளையள் ஒருக்காலாவது பெரிய ஜீப்பிலை போகட்டும், அண்ணை” என்றார். அதற்குமேல் யான் வாதாடவில்லை.

முதலிற் கண்டது ஒரு றேஞ்ச் ரோவர். 190,000 கிலோமீற்றர் ஓடியது. 1970இல் இங்கிலாந்தில் இவ்வகை வண்டி வெளிவந்தபோது, சேறு படிந்தால் உட்புறத்தை நீர் பாய்ச்சிக் கழுவலாம் என்பதே அதன் பெருமை. இப்பொழுதோ உள்ளே தோல் இருக்கைகளும் மெருகிட்ட மரமுமாகச் சிறு மாளிகையொன்று காட்சியளித்தது. அடுத்து நின்றது டொயோட்டா லாண்ட் குரூசர். 310,000 கிலோமீற்றர் ஓடியது. ஆயினும் அதன் விலையே கூடுதலாக இருந்தது.

இவ்விந்தைக்குக் காரணம் உண்டு. துபாயிலிருந்து அபுதாபி ஏறக்குறைய 140 கிலோமீற்றர். நாள்தோறும் போய்வருவோர் ஓராண்டிலேயே பெருந்தொலைவு ஓடிவிடுவர். நேரான வீதியில் ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரம் அதிகம் தேய்வதில்லை. மாறாக, கோடையில் 45 பாகை வெப்பத்தில், குளிரூட்டியை நிறுத்த மனமின்றி, கடைவாயிலில் மணிக்கணக்காக இயந்திரத்தை ஓடவிட்டு நிற்போரும் பலர். அந்தத் தேய்வைத் தூரமானி காட்டுவதில்லை. வெப்பமோ றப்பர் உறுப்புகள் யாவற்றையும் உலர்த்தி வெடிக்கச் செய்கின்றது. றேஞ்ச் ரோவரை இரும்புச் சுருள்களுக்குப் பதிலாகத் தாங்கி நிற்பவை காற்று நிரம்பிய றப்பர்ப் பைகள் என்பதை இவ்விடத்தில் நினைவு கூர்தல் வேண்டும்.

நண்பர் தம்முடன் ஒரு மலையாள மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தார். அதிகாலையிலேயே போகவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இரவு முழுவதும் நின்ற வண்டியின் எந்த மூலை தாழ்ந்திருக்கின்றது என்று பார்த்தார். றேஞ்ச் ரோவரின் பின்பக்க இடமூலை இரண்டு விரலளவு இறங்கியிருந்தது. இயந்திரத்தின் மூடியில் உள்ளங்கையை வைத்தார், சூடாக இருந்தது. எமக்கு முன்னரே வியாபாரி அதனை ஒருமுறை இயக்கி வைத்திருந்தார் போலும்! குளிர்ந்த இயந்திரம் எழுப்பும் ஒலியை நாம் கேட்கலாகாது என்பதே அவர் கருத்தாயிருக்கலாம். ஆயினும் அம்மனிதர் மிக்க மரியாதையுடன் தேநீர் தந்து உபசரித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னர் ஆசனப்பட்டியை முடிவுவரை வெளியே இழுத்துப் பார்த்தார் மெக்கானிக். இஃது ஏன் என்று வினவினேன். 2024 ஏப்பிரல் 16ஆம் நாள் அந்நாட்டிற் பெய்த மழை, 1949இற் பதிவுகள் தொடங்கிய பின் கண்டிராத பெருமழை. வீதிகளில் எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. கம்பளத்தை மாற்றலாம், இருக்கையைக் கழுவலாம். பட்டியின் அடிச்சுருளிற் படிந்த சேற்றுக் கறையைப் பலர் மறந்துவிடுவராம்.

லாண்ட் குரூசரின் பட்டி சுத்தமாக இருந்தது. அதனினும் மேலாக, முதல் உரிமையாளர் பராமரிப்புச் சீட்டுகள் அனைத்தையும் கோவையாகச் சேர்த்து வைத்திருந்தார். எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு நாளும் அதிற் பதிவாகியிருந்தது. மிதிகட்டையின் தேய்வும் சுக்கானின் மினுக்கமும் 310,000 என்ற எண்ணுக்குப் பொருந்தியே இருந்தன. நண்பர் மாத்திரம் றேஞ்ச் ரோவரை இருமுறை திரும்பிப் பார்த்தார். அதன் ஒரு காற்றுப் பையை மாற்ற என்ன செலவாகும் என்று மெக்கானிக் காதோடு கூறியபின் பார்க்கவில்லை.

விலை பேசி முடிய நண்பகலாயிற்று. அரசாங்கப் பரிசோதனையில் வண்டி தேறியது; பெயரும் மாற்றப்பட்டது. எனினும் நண்பர் வீட்டுக்குப் போகாமல் நேரே கராஜுக்கே ஓட்டிச் சென்றார். அதற்கென முன்னரே வேறாக எடுத்து வைத்திருந்த பணத்தில் ஒயில்கள் யாவும், நீர்க்குழாய்களும், பட்டிகளும், நான்கு ரயர்களும் புதிதாக மாற்றப்பட்டன. பிள்ளைகள் வரும் விமானத்துக்கு இன்னும் பதினொரு நாள்கள் இருந்தன.