நாற்சந்தியில் நிற்காத வண்டிகள்

சிம்பாங் என்றால் சந்தி, அம்பாட் என்றால் நான்கு. பெயரே நாற்சந்தி. ஆனால் எங்கள் ஊரில் யாரும் நிற்பதில்லை. கோலாலம்பூரிலிருந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வரும் வண்டிகள் எங்கள் டோலில் இறங்கும். ஒன்று, ஆ ஃபாமோசா உல்லாசத் தலத்துக்குப் போகும். இல்லையென்றால் அலோர் காஜா வழியாக மலாக்கா நகரத்துக்குப் போய்விடும். காலையில் நாசி லெமாக்கும் இடியாப்பமும் விற்கும் அக்கா ஒருவர் ஒரு நாள் சொன்னார்: "காடியில வர்றாங்க, காடியிலயே போறாங்க தம்பி. ஊருக்குள்ள காலு வைக்கிறது யாரு?"

சுற்றுலாத் திட்டமிடல் பற்றிய கனமான அறிக்கைகள் பல பக்கங்களில் கேட்பதும் இதே கேள்வியைத்தான். வந்தவர்கள் எத்தனை பேர் என்பது பாதிக் கணக்கு. எத்தனை இரவு தங்கினார்கள், எங்கே சாப்பிட்டார்கள், அந்தப் பணத்தில் எவ்வளவு ஊரில் தங்கியது என்பது மீதிக் கணக்கு. 2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரிய நகரங்களாயின. அதற்குப் பிறகு சனிக்கிழமை இரவில் ஜோங்கர் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நகர முடியும். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் பக்கமோ வெறிச்சோடிக் கிடக்கும். கூட்டத்தைப் பரப்புவதும் திட்டமிடலின் வேலைதான்.

திட்டமிடாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மலாக்காவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தாமிங் சாரி சுழல் கோபுரத்துக்காக 2006-இல் நகர மையத்தில் ஆற்றோரமாகத் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் பழைய கோட்டைச் சுவர் வெளிப்பட்டது. டச்சுக்காரர்கள் கட்டிய மிடல்பர்க் கொத்தளம் அது. வேலை நின்றது. கோபுரம் பண்டா ஹிலிரில் வேறிடத்துக்கு மாறி, 110 மீட்டர் உயரத்தில் 2008 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கொத்தளத்தை மீட்டுக் கட்டினார்கள். இன்று அதுவும் ஒரு காட்சியிடம். நல்லபடியாக முடிந்த கதைதான். ஆனாலும் நிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முதல் படி, இயந்திரம் கொண்டுவருவது கடைசிப் படி. அங்கே வரிசை மாறிப்போயிருந்தது.

சரி, எங்கள் நிலத்தில் என்ன இருக்கிறது? கொஞ்ச தூரத்தில் தாபோ நானிங். அங்கே டோல் சாயிட்டின் கல்லறை இருக்கிறது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடு என்று கிழக்கிந்திய கம்பெனி கேட்டது. நானிங்கின் பெங்குலுவான அவர் மறுத்தார். 1831-இல் வந்த படை தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டு பெரிய படை, வழிநெடுகக் காட்டை வெட்டிக்கொண்டு வந்து தாபோவைப் பிடித்தது. அந்தப் படையில் வந்த சிப்பாய்கள் மதராஸ் காலாட்படையைச் சேர்ந்தவர்கள். நம் தாத்தாக்கள் பால்மரம் வெட்ட இந்தப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, மதராஸ் மாகாணத்து ஆட்கள் துப்பாக்கியோடு இங்கே வந்திருக்கிறார்கள். கல்லறைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும்.

காடேக் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அலோர் காஜா வட்டாரத்தில் 'உயிர்க் கல்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் நட்டுவைத்த பெருங்கற்கள் இருக்கின்றன. பூலாவ் செபாங்கில் ரயில் நிலையம். 2015 முதல் மின்ரயில் நிற்கிறது. அங்கிருந்து ஒரு காலத்தில் மலாக்கா நகரம் வரை தண்டவாளம் ஓடியது. ஜப்பான்காரன் அதைப் பெயர்த்து சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டுபோனான். தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் அதே பாதைக்குத்தான் கொண்டுபோனான். தண்டவாளம் திரும்பவில்லை, ஆட்களில் பலர் திரும்பவில்லை. எத்தனையோ குடும்பங்களில் இன்றும் இந்தப் பேச்சு வந்தால் பாட்டிமார் எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.

இன்னொன்று: நாட்டின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டம் இதே மாநிலத்தில், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல் டான் சே யான் போட்டது. ரப்பர் உலகம் இங்கே பிறந்தது. ஆனால் லயத்து வீடு, ஆலயம், பிள்ளைக் கொட்டகை, பால் நிறுக்கும் கொட்டாய் இவற்றைக் காட்டும் ஒரு வழிகாட்டிப் பலகையை மலாக்காவில் நான் பார்த்ததில்லை. 'வரலாற்று மலாக்கா' சுல்தானில் தொடங்கி டச்சுக்காரனோடு முடிந்துவிடுகிறது.

இதை மாற்றச் சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம், அதாவது சட்டம் 172. மாநிலத்துக்கு அமைப்புத் திட்டம், மாவட்டத்துக்கு உள்ளூர்த் திட்டம். எது சுற்றுலா நிலம், எது வீடமைப்பு, எது வழிபாட்டு இடம், எது செம்பனையாகவே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் வண்ணம் வண்ணமாக முடிவாகிவிடும். எங்களுக்கு அதை வரைவது அலோர் காஜா நகராட்சிக் கழகம். வரைவு தயாரானதும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். ஆட்சேபித்தவர் கேட்டால் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். பிறகு மாநிலத் திட்டக் குழு ஒப்புதல் தரும். அரசிதழில் வந்துவிட்டால் பிறகு கத்தினாலும் காது கேட்காது.

அந்த நான்கு வாரத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் போகிறோம்? தோட்டம் துண்டாடப்பட்டு வீடாகவும் கோல்ஃப் திடலாகவும் மாறியபோதெல்லாம் நமக்குத் தெரியவந்தது மண்வாரி இயந்திரம் ஆலயத்து வாசலில் வந்து நின்றபோதுதான். அதற்குப் பிறகு மனு, மறியல், பத்திரிகைச் செய்தி. காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகள் வேறு மாதிரி. 2014 வாக்கில் தங்கள் கிராமத்தை ஒட்டி உயர்மாடிக் கட்டடங்கள் வரப்போகின்றன என்றதும், இது எங்கள் பாரம்பரியம் என்று கூடிப் பேசினார்கள். சிறிய சமூகம், ஆனால் நாடே திரும்பிப் பார்த்தது.

உல்லாசத் தலம் வந்ததைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் சொந்தத்துப் பிள்ளைகளே அங்கே வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் நீச்சல் குளமும் சஃபாரியும் எந்த ஊரிலும் கட்டலாம். ஃபாமோசா என்ற பெயரே நகரத்தில் இருக்கும் போர்த்துகீசியர் கோட்டையிலிருந்து இரவல் வாங்கியதுதானே! தாபோ நானிங்கை வேறு எங்கேயும் கட்ட முடியாது.

எனக்குத் தோன்றும் பாதை எளிது. காலையில் பூலாவ் செபாங்கில் ரயில் இறங்கி, ஒரு வேனில் காடேக் ஊற்று, டோல் சாயிட் கல்லறை, பெருங்கற்கள்; மதியம் ஒரு தோட்டத்து வீட்டில் சாப்பாடு; அங்கே பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி உளியைக் கையில் கொடுத்து, பட்டையை எப்படிச் சீவுவது என்று காட்டுவார். பெரிய முதலீடு வேண்டாம். வேன், வழிகாட்டி, கழிப்பறை, மும்மொழிப் பலகை போதும். இதை இரண்டு பக்கத்தில் எழுதி, மலாயில் ஒரு பிரதியும் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வரைவு பார்வைக்கு வரும்போது கொண்டுபோகலாம் என்று அக்காவிடம் சொன்னேன். இடியாப்பத்தை மடித்துக்கொண்டே கேட்டார்: "சாப்பாடு நான் போடுறேன். எத்தன பேருக்குன்னு மொதல்ல சொல்லு."